சரிபாதி மூச்சு

என் மகளைத் தாரை வார்க்கிற செம்பு என் கையில் இருக்குமா, என் ஓரகத்தி பாகீரதியின் கையில் இருக்குமா? தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணியில் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். மாப்பிள்ளை என்ன சம்பளம் வாங்குகிறான், பந்தியில் எத்தனை கூட்டு என்பதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் செம்பு மட்டும்தான்.

எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைப்பார். பெற்றவள் செம்பிலிருந்து அதன் மேல் நீர் வார்க்க வேண்டும். பெற்றவளால் முடியாமல் போனால் பெரியப்பனும் பெரியம்மையும் ஜோடியாக நின்று செய்யலாம். முடியாமல் போகும் என்று எங்கள் ஊர் முக்கூடலில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். நாலு எட்டு நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும். "முத்துமாலைக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? அவ உக்காந்து பாக்கட்டும். பாகீரதி நிப்பா" என்று என் காதுபடவே பேசினார்கள்.

அந்த பாகீரதிக்கும் இதே நோய்தான். அதை ஒருத்தியும் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்திடம் குறைப்பட்டால், "அண்ணன் செஞ்சா என்ன, நான் செஞ்சா என்னளா? எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ரசத்தில் உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

எங்களுக்கு அரிசி வியாபாரம். மூத்தவர் சிவசண்முகம் அத்தானும் என் வீட்டுக்காரரும் ஊர் ஊராகப் போய் நெல் வாங்கி வருவார்கள். கொல்லையில் கூரைக் கொட்டகைக்குள் அதை அவிக்கிற வேலை மருமகள்கள் எங்கள் இருவருக்கும். ஒரே அண்டா, ஒரே அடுப்பு. எரிப்பது உமி. உமி அடிக்கடி அணைந்து புகையும். ஊதாங்குழலை வாயில் வைத்து ஊத வேண்டும். அவள் ஒரு முறை, நான் ஒரு முறை. முறை தப்பினால் சண்டை. முப்பது வருஷத்து உமிப் புகை எங்கள் இருவர் நெஞ்சிலும் சரிபாதியாகத்தான் இறங்கியது. அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரிபாதி என்பது அந்த வீட்டில் நான் கொண்டுவந்த சட்டம். தீபாவளிச் சேலை ஒரே விலையில் இருக்க வேண்டும். பத்தமடைப் பாய் வாங்கினால் இரண்டாக வாங்க வேண்டும். பூவை முழம் போடுவது பாகீரதியாக இருக்க வேண்டும், அவளுக்குக் கை நீளம். அவள் அளந்த பிறகு இரண்டு சரத்தையும் சேர்த்துத் தொங்கவிட்டு நான் சரிபார்ப்பேன். சிரிக்காதீர்கள். மூத்த மருமகள் என்று சாவிக்கொத்து அவள் இடுப்புக்குத் தானாகப் போனது. யோசனை கேட்க வேண்டுமானால் மாமியார் அவளைத்தான் கூப்பிடுவாள். எனக்கு எதுவும் தானாக வரவில்லை. வாயைத் திறந்து கேட்டுத்தான் வாங்கினேன்.

என்னிடம் இருந்து அவளிடம் இல்லாதது ஒன்றுதான். ப்ரீதா. அவளுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு ஒரு பெண்.

அதையாவது அவள் எனக்கு முழுசாக விட்டாளா? பெயர் வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஏதோ வாரப் பத்திரிகையில் பார்த்தாளாம். நான் என் அம்மையின் பெயரை மனசில் வைத்திருந்தேன். பிரசவக் களைப்பில் சற்றுக் கண்ணசந்து எழுந்தால், தொட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் "ப்ரீதா, ப்ரீதா" என்கிறார்கள். பிள்ளையும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. வளர்ந்த பிறகும் காய்ச்சலில் கிடந்தால் "பெரியம்மை" என்றுதான் முனகும். பக்கத்தில் நான் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பொறாமை. ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால் இருவரையும் பாளையங்கோட்டைக்கு, நெஞ்சு நோய் பார்க்கிற டாக்டர் கிறிஸ்டியிடம் கூட்டிப் போனார்கள். அந்த அம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு சைக்கிள் வந்திருந்தது. மிதிக்கலாம், ஓடாது. மூக்கைக் கிளிப் போட்டுப் பூட்டி, வாயில் குழாயைத் திணித்து, மிதிக்கச் சொல்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறேன், என்ன கண்றாவி! நடுநடுவே மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். முதலில் மிதித்த பாகீரதியைப் பக்கத்து அறையில் படுக்கவைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அதனால் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

"ஒடம்பு வேலை செஞ்சா உள்ளே கரியமில வாயு உண்டாகும்மா. நெஞ்சு அதை ஊதி வெளியே தள்ளணும். உங்க அக்கா மிதிக்கும்போது ஆக்சிஜன் குறையுது, ஆனா கரியமில வாயு ஏறலை. உங்களுக்கு மிதிக்க மிதிக்க அது ஏறிக்கிட்டே போகுது. வெளியே போக மாட்டேங்குது. ஆக்சிஜனைக் கூட்டி வெச்சுப் பார்த்தோம், இன்னும் ஏறுது."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"வீட்டுக்கு ஆளுக்கு ஒரு சிலிண்டர் எழுதித் தாரேன். அவங்களுக்கு மூணு, உங்களுக்கு ஒண்ணு."

சிலிண்டரின் தலையில் ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். அதற்குள் ஒரு சின்ன உருண்டை. திருகைத் திருப்பினால் உருண்டை மேலே ஏறும். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதற்குக் கோடு போட்டிருக்கும். அவள் உருண்டை மூன்றில் நிற்குமாம், என் உருண்டை ஒன்றில் நிற்குமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதெப்படி டாக்டரம்மா? நாங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்புல ஊதினவங்க. ஒரே புகை. அவளுக்கு மூணு, எனக்கு ஒண்ணா?"

"இது பாகம் பிரிக்க வயக்காடு இல்லம்மா. ஒண்ணுக்கு மேலே வெச்சா உங்களுக்கு முதல்ல சொகமா இருக்கும். பொறவு தலை வலிக்கும், கை தானா ஆடும், தூக்கம் வரும். அந்தத் தூக்கத்துல இருந்து எந்திரிக்காமலே போயிரலாம். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிவைங்க."

"கல்யாணத்துல நின்னு தண்ணி வாக்கணும். மாடிப்படி ஏறணும்."

"ஏறலாம். பைய ஏறணும். ரெண்டு படிக்கு ஒருதரம் நின்னு, உதட்டைக் குவிச்சு நீளமா ஊதுங்க. ஊதாங்குழல்ல ஊதியிருக்கீங்கள்லா? அதே மாதிரி."

எந்த ஊதலால் நெஞ்சு கெட்டதோ, அதையே மருந்தாக எழுதிக் கொடுக்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். செம்பு எனக்குத்தான் என்று ஆகிவிட்டது, அது போதும்.

திரும்பும்போது பஸ்ஸில் பாகீரதி கேட்டாள். "ஒனக்கு ஏன்ட்டி ஒண்ணு மட்டும்?"

எப்படிச் சொல்வேன்? என் நெஞ்சு உன் நெஞ்சைவிட மோசம் என்று அவளிடம் என் வாயால் சொல்வதா? அதற்கு ஆற்றில் விழலாம். "என்னத்த? சிலிண்டர் தட்டுப்பாடாம். மூத்தவளுக்கு மூணு, இளையவளுக்கு ஒண்ணு போதுமாம். ஓரவஞ்சனை. அங்கனயும் ஒனக்குத்தான் முதல் பந்தி" என்றேன்.

வழக்கமாக இப்படிச் சொன்னால் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மூன்று என்பது சும்மா இல்லை. பத்து நாளில் அவள் முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது. மூக்கில் குழாயும் கூடவே சக்கரம் வைத்த சிலிண்டருமாக ஆற்றுப் படித்துறைவரை நடக்கிறாள். சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு கூடவே என் மகள். இருவரும் என்ன பேசுவார்களோ, சிரிப்பு தெருமுனைவரை கேட்கும். நான் வாசலில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு, அவளுடைய உருண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று. சவம், மூன்றை விட்டு ஒரு நாளாவது இறங்குகிறதா!

"எம்மா, நீயும் வா. ஒன்னையும் பிடிச்சுக்கிடுதேன்" என்று ப்ரீதா கூப்பிட்டாள்.

"வேண்டாம்மா. ஒங்க பெரியம்மையப் பிடி. விழுந்துகிழுந்து தொலைக்கப்போறா" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாகீரதி கொல்லையில் உட்கார்ந்து, புளி போட்டு அந்தச் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தேய்ப்பு. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. யாருக்காக இந்தத் தேய்ப்பு? எனக்குத் தெரியாதா! பூனை சும்மாவா பாலைச் சுற்றும்? அன்றைக்கு நான் அவளோடு பேசவே இல்லை.

கல்யாணம் திருச்செந்தூரில். மண்டபத்தில் கீழே பந்தி, மாடியில் மணவறை. காலையில் கீழ் அறையில் எனக்குச் சேலை கட்டிவிட்டுத் தலையில் பூ வைத்ததும் பாகீரதிதான். வைத்துவிட்டு என் பின்னால் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். கொசுவத்தைச் சரிசெய்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு சுகம் வந்தது பாருங்கள்! முருகன் கண் திறந்துவிட்டான் என்றே நினைத்தேன். நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. டாக்டரம்மாவின் இரண்டு படிக் கணக்கெல்லாம் மறந்துபோனது. என் வீட்டுக்காரர் பின்னால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வர, நான் ஒரே மூச்சில் மாடி ஏறினேன். முக்கூடல் சனங்கள் அத்தனை பேரும் பார்க்கட்டும் என்றுதான் ஏறினேன். பார்த்தார்கள். மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அது பெரிய சத்தமாகக் கேட்டது. பிறகு தலைக்குள்ளேயே கேட்டது. நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. உள்ளங்கை சுட்டது. கண் இமை தன்பாட்டுக்கு இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் யாரோ கும்பிட்டார்கள், பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை எழும்பவில்லை. ஐயர் "பெண்ணைப் பெத்தவா வாங்கோ" என்று கூப்பிடுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

கடைசியாகக் கண்ணில் பட்டது பாகீரதி. பளபளவென்று அந்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணவறைப் பக்கம் நடக்கிறாள். பாதகத்தி! பெயர் வைத்த அன்றைக்கும் நான் தூங்கிப்போனேன், இன்றைக்கும் தூங்கப்போகிறேன். இரண்டு தடவையும் அவள்தான். அந்த எரிச்சலோடுதான் எனக்குக் கண் மூடியது.

கன்னத்தில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

"ஏட்டி! கண்ணத் தொற! முத்து, கண்ணத் தொறங்கேன்லா!"

திறந்தேன். பாகீரதியின் முகம். அவள் மடியில் செம்பு.

"நீ வாத்துட்டியா?" என்றேன்.

"என்னத்த?"

"தண்ணிய."

"எழவே! உசுரு போகப் பாக்கு, தண்ணியாம் தண்ணி! ஒன் கையில குடுக்கத்தான்ட்டி செம்பத் தூக்கிட்டு வந்தேன். பாத்தா நீ நாக்குக் குழறித் தலையத் தொங்கப்போட்டுக் கெடக்க."

என் கண் பழக்க தோஷத்தில் உருண்டைக்குத்தான் போனது. அவள் உருண்டைக்கு அல்ல, என் உருண்டைக்கு. மூன்றில் நின்றது.

"திருகினது யாரு?"

"நாந்தான்" என்றாள். கூச்சநாச்சமே இல்லை.

"என்னைத் தூங்கவெச்சுட்டு நீ நிக்கப் பாத்தியா?" நாக்கு புரளவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தூங்கவா? நீதானட்டி சொன்னே, ஓரவஞ்சனைன்னு? மூத்தவளுக்கு மூணு, எனக்கு ஒண்ணுன்னு? மாசம் பூரா என் உருண்டையவே முறைச்சுட்டுக் கெடந்தே. அந்த மூணும் எனக்கு நெஞ்சுல எறங்கல. இன்னைக்காவது சரிபாதியா இருக்கட்டும், நீ நல்லா மூச்சு விட்டு நின்னு வாக்கணும்னுதான் கூட்டி வெச்சேன்."

சரிபாதி என்று முப்பது வருஷமாகக் கத்தினவள் நான்தானே.

"ஒண்ணுக்கு மேல கூடாது" என்றேன். "எனக்கு உள்ள நிக்கும். கரியமில வாயு. வெளிய போகாது. டாக்டரம்மா சொன்னாக."

"இத ஏன்ட்டி முன்னாலயே சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிரும்லா."

பாகீரதி தலையில் அடித்துக்கொண்டாள். குனிந்து என் திருகைத் திருப்பி உருண்டையை ஒன்றில் நிறுத்தினாள். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பாத்துட்டே நிக்கீயளே, கீழ பூத்துக்கு ஓடி டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க" என்று ஒரு சத்தம் போட்டாள். அவர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு என் முகத்துக்கு நேரே உதட்டைக் குவித்தாள். "ஊது. உமி அணையுது பாரு. ஊதுட்டி!"

ஊதினேன்.

"இது ஊத்தா? அண்டா நிறைய நெல்லு கெடக்கு. நல்லா ஊது. நீ ஒரு முறை, நான் ஒரு முறை."

அவள் ஊதினாள், நான் ஊதினேன். தூக்கம் இழுக்கும்போதெல்லாம் தொடையில் கிள்ளினாள். கிள்ளியது போதாதென்று, "எந்திரி, இல்லன்னா ஒன் பூவையும் நானே வெச்சுக்கிடுவேன்" என்று மிரட்டினாள். ஐயர் எட்டிப் பார்த்து, "நேரம் ஆறதே, பெரியம்மாவாவது வாங்கோ" என்றார். பாகீரதி திரும்பினாள். "அவ எந்திரிக்காம ஒரு சொட்டு விழாது. நீங்க மந்திரத்தக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க சாமி" என்றாள். அவர் நீட்டினார்.

என் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். டாக்டரம்மா ஒன்றில்தான் வைக்கச் சொன்னாராம், தூங்கவிடக் கூடாதாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமாம். வேன் கீழே நிற்கிறது என்றார். தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லி எழுந்தேன். எழ முடிந்தது. பாகீரதி செம்பை என் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள்.

கை ஆடியது. டாக்டரம்மா சொன்ன அதே ஆட்டம். கோழி சிறகடிக்கிற மாதிரி மணிக்கட்டு தானாக அடித்துக்கொண்டது. செம்பிலிருந்த நீர் என் சேலையில் சிதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துப் பார்த்தேன், இன்னும் சிதறியது. தாரை நீர் தரையில் கொட்டினால் நல்லதில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

மணவறையிலிருந்து ப்ரீதா பாதி எழுந்துவிட்டாள். "எம்மா! நீ உக்காரும்மா!" என்று அழுதாள். எம்மா என்றுதான் சொன்னாள். பெரியம்மை என்று சொல்லவில்லை. அந்த நிலைமையிலும் நான் அதைக் கவனித்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். செம்பைப் பாகீரதி பக்கம் நீட்டினேன். "அக்கா, நீ வாரு."

"நான் மாட்டேன். நான் பெறல."

"பேரு வெச்சேல்லா? வாரு. அத்தானக் கூப்பிடு."

"பொறவு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே."

"கண்டிப்பா சொல்லிக் காட்டுவேன். செம்பப் பிடி."

பிடித்தாள். சிவசண்முகம் அத்தான் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் ஒதுங்கி என் பக்கத்தில் நின்றுகொண்டார். அத்தான் ப்ரீதாவின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். பாகீரதியின் கை ஆடவே இல்லை. நீர் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது, ஒரு சொட்டுச் சிதறவில்லை. கெட்டிமேளம் காதைப் பிளந்தது. ப்ரீதா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பெற்றவளைப் பார்க்கிற பார்வை அது. எனக்கென்று நான் எடுத்து வைத்திருந்த பார்வை. பாகீரதி அழுதாள், அழுதபடியே வார்த்து முடித்தாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றி எரிந்தது.

முடிந்ததும், என்னைக் கீழே வேனுக்குத் தூக்கிப்போக ஆள் வருவதற்குள், அவள் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலிச் செம்பை என் மடியில் வைத்தாள். அவளுக்கும் இரைத்தது. அவள் உருண்டை மூன்றில், என் உருண்டை ஒன்றில்.

"ஏட்டி" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "வயிறு எரியுதா?"

"எரியுது."

"அப்ப ஊது."

உதட்டைக் குவித்து ஊதினேன்.